கிராம்புக்கு ஆன செலவு

எந்தப் பொருளைக் காட்டினாலும் செல்வின் விலை சொல்லிவிடுவான். தேனி கடைவீதியில் பைப்பும் தண்ணீர் மோட்டாரும் விற்கிறவன், பதினாறு வயதில் கல்லாவில் உட்கார்ந்தவன். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்குமுன் பந்தலை அண்ணாந்து பார்ப்பான். ஆலயத்தில் புதிதாக ஏ.சி. மாட்டியபோது ஜெபத்துக்கு நடுவிலேயே கரண்டு பில்லைக் கணக்குப் போட்டு முடித்துவிட்டான். கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது, கேட்டவர்களுக்குக் கொடுக்கிற கைதான். ஆனால் கொடுத்த தொகை அவன் மண்டையை விட்டுப் போகாது.

அந்த மண்டைதான் அவன் குடும்பத்தைக் கெடுத்தது.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சித்தப்பா விஜய்ராஜ் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். செல்வினின் மனைவி ஷீபா பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் வளர்க்கும் கிராம்பு என்ற பூனை, சாப்பாட்டு இலைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. "பூனைக்கே தனிச் சமையல் போல இருக்கே" என்று சித்தப்பா கிண்டல் பண்ணினார். அத்தோடு விட்டிருக்கலாம். செல்வினுக்கு நாக்கு நமநமத்தது. மீனுக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, ஊசி மருந்துக்கு இவ்வளவு என்று விரல் மடக்கி, "வருசத்துக்குப் பத்தொம்பதாயிரத்து நானூறு, சித்தப்பா. இந்தக் காசுக்கு ஒரு பிள்ளையவே வளத்திருக்கலாம்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஷீபா கையிலிருந்த ரசக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டில் எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் ஐந்தாம் மாதம் தாண்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன், இரண்டாவது தடவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள், கடையில் இறக்கிய பைப் கட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டி கத்தியது. கிராம்பு நிறம். கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த ஷீபா அதைத் தூக்கித் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். பத்து நாளில் அன்றுதான் அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. இது செல்வினுக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினான் என்பதை நினைக்கும்போது எனக்கே அவனை நாலு அறை அறையத் தோன்றுகிறது.

மறுநாள் காலை அவன் எழுந்தபோது ஷீபா உத்தமபாளையத்துக்கு, அப்பா ஜெபமணி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். பூனையை விட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். அங்கே அவளுடைய அண்ணிக்கு ஆஸ்துமா, பூனை முடி ஆகாது.

இருபது நாள் போன் அடித்தான். எடுக்கவில்லை. மாமனாருக்கு அடித்தால் அவர் மரியாதையாக, "அவ பேசுற நெலமையில இல்ல மாப்ள, கொஞ்ச நாள் போகட்டும்" என்று வைத்துவிடுவார். ராத்திரி சாப்பாட்டை ஓட்டலில் முடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், கிராம்பு ஓடி வந்து அவன் காலைத் தாண்டி வாசலை எட்டிப் பார்க்கும். யாரும் பின்னால் வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடும். அவனும் ஒரு முறை வாசலைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவான். வீடு முழுக்க அவள் இல்லாதது அவனை அறைந்தது.

இருபத்தோராம் நாள் பூனை சாப்பாட்டை நிறுத்தியது. மூன்று நாள் பார்த்துவிட்டு, அதை ஒரு கூடையில் அமுக்கி வைத்துக்கொண்டு பூனைகளுக்குப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனான்.

"வழக்கமா எத்தனை கிலோ இருக்கும்?"

செல்வின் விழித்தான்.

"ஊசி கடைசியா எப்பப் போட்டீங்க?"

தெரியவில்லை.

"ஆணா, பொண்ணான்னாவது தெரியுமா சார்?"

வருடத்துக்கு அது எவ்வளவு தின்கிறது என்று நூறு ரூபாய் பிசகாமல் சொன்னவனுக்கு அதுவும் தெரியவில்லை. வேர்த்துப் போய் ஷீபாவுக்கு ஒரு செய்தி தட்டினான்: 'கிராம்பு மூணு நாளா சாப்பிடல. ஆஸ்பத்திரியில இருக்கேன்.'

அரை நிமிடத்தில் போன் அடித்தது.

"டாக்டர்ட்ட குடுங்க" என்றாள்.

அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. டாக்டரம்மா காதில் போனை வைத்துக்கொண்டு பேச, வெளியே கசிந்த குரலைச் செல்வின் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. குரல் கேட்டதே போதும் என்றிருந்தது.

டாக்டரம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். ஷீபா வைத்துவிட்டிருந்தாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார், பொண்ணுக்கு வளத்தவங்களத் தேடுது" என்றார் டாக்டரம்மா. தனக்கும் அதே வியாதிதான் என்று சொல்லவா முடியும்? பில்லைக் கட்டிவிட்டு வந்தான்.

ஆனால் வழியிலேயே அவனுக்கு ஒன்று உறைத்தது. பூனையைப் பற்றிக் கேட்டால் ஷீபா பதில் சொல்லுவாள்.

கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே நாளில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மொத்த வியாபாரம் பார்த்த மனுசன் அன்றிலிருந்து சில்லறைக்கு இறங்கினான். நாளுக்கு ஒரு கேள்வி. திங்கட்கிழமை, 'குளிப்பாட்டலாமா?' என்று அனுப்பினான். 'கூடாது' என்று வந்தது. செவ்வாய்க்கிழமை, 'இடி இடிச்சா எங்க போய் ஒளியும்?' 'பீரோவுக்குப் பின்னால. இழுக்க வேண்டாம், தானா வரும்.' புதன்கிழமைக் கேள்வியைச் செவ்வாய் இரவே யோசித்து வைத்துக்கொள்வான். மோட்டார் வாங்க வந்த வருசநாட்டு விவசாயி குதிரைத்திறன் கேட்டுக்கொண்டிருக்க, இவன் போனையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படித்தான் ஒருநாள், 'எந்த மீன் வாங்கணும், எவ்வளவு வாங்கணும்?' என்று கேட்டான். பதில் வர வெகு நேரமானது.

'தனியா வாங்குனதே இல்ல. என் பங்குல உள்ளதத்தான் போடுவேன்.'

செல்வின் அதைக் கடையில் உட்கார்ந்து நாலைந்து தடவை படித்தான். பத்தொன்பதாயிரத்து நானூறில் பாதிக்கு மேல் மீன் கணக்கு. அவன் மடக்கிய விரல்களில் பெரிய விரலே பொய். மூன்று வருடமாகத் தன் எதிரிலேயே உட்கார்ந்து வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவளின் தட்டை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கடையை நாலு மணிக்கே சாத்திவிட்டான்.

ஆடி பாதி தாண்டியபோது கேள்விகள் தீர்ந்துபோயின. பூனையைப் பற்றி இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தான். அவளாக எதுவும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள், வெட்கத்தை விட்டு, 'கிராம்பு நொண்டுது' என்று அனுப்பினான்.

மறுநாள் மதியம் ஷீபா வந்துவிட்டாள். சாரலில் பாதி நனைந்திருந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், "எங்கன இருக்கா?" என்று உள்ளே ஓடினாள். அவள் குரலைக் கேட்டதும் கிராம்பு பீரோ உச்சியிலிருந்து குதித்து, ஒரே பாய்ச்சலில் ஹாலைத் தாண்டி வந்து அவள் மேல் ஏறியது. நொண்டலும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஷீபா அதன் நாலு காலையும் அமுக்கிப் பார்த்தாள். பிறகு செல்வினைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் திட்டவில்லை. பூனையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். அலமாரி நிறையத் தீனிப் பொட்டலம், ஜன்னலோரம் மெத்தை வைத்த புதுக் கூடை, நகம் தேய்க்கக் கயிறு சுற்றிய கட்டை. "இதுக்கெல்லாம் எம்புட்டு ஆச்சு?" என்றாள்.

"ஏழாயிரத்து அறுநூத்தி நாப்பது" என்றான் செல்வின், பட்டென்று.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஐம்பது நாள் ஏங்கி, பொய் சொல்லி வரவழைத்து, வந்தவளிடம் வாயைத் திறந்ததும் ரூபாய்க் கணக்கு.

ஷீபா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "ஒங்களுக்கு எல்லாத்துக்கும் கணக்குத் தெரியும்ல. அப்ப இதையும் சொல்லுங்க. மதுர ஆஸ்பத்திரில, அந்த ரெண்டு தடவைக்கும் எம்புட்டு ஆச்சு?"

செல்வின் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். அறை வாடகை, ஸ்கேன், ரத்தம், கார் என்று எல்லாவற்றுக்கும் அவன்தான் பணம் கட்டினான். ஓட்டல் பில்லையே இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவன். ஆனால் ஒரு தொகையும் வரவில்லை. நர்ஸ் ஒரு காகிதத்தில் சுற்றி அவன் கையில் கொடுத்த அவளுடைய வளையல்கள்தான் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடைகூடத்தில் எத்தனை மணி நேரம் நின்றான் என்பதுகூட ஞாபகமில்லை.

"தெரியல, ஷீபா" என்றான். "நா அதக் கூட்டவே இல்ல."

ஷீபா அவனையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு விலையைத் தெரியாது என்று அவன் சொல்லி அவள் கேட்டதில்லை.

"பெறகு ஏன் அன்னிக்கு அப்பிடிச் சொன்னீக?"

"சித்தப்பா எப்ப வந்தாலும், என்னப்பா விசேஷம் இல்லையான்னு கேப்பாக. அவுக கேக்குறதுக்குள்ள நானே சிரிச்சுப்புடலாம்னு பாத்தேன். அது ஒன் மேல விழும்னு நெனைக்கல. தப்புத்தான் ஷீபா. வீட்டுக்கு வந்துரு."

ஷீபா பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். செல்வின் எதிரே தரையில் உட்கார்ந்து அழுதான். கலைந்துபோன அந்த இரண்டுக்குமாக இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. கிராம்பு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

ஐந்து மணிக்கு ஷீபா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். "அப்பாட்ட சாயங்காலம் வந்துருவேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். இரு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனான். உத்தமபாளையம் வழியாகப் போகும் கம்பம் வண்டி நின்றிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். செல்வின் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

வண்டி கிளம்பும்போது அவள் குனிந்து சொன்னாள்.

"நாளைக்குப் பூனையப் பத்திக் கேக்காம போன் பண்ணுங்க."

வண்டி வளைந்து போனது. நாளை வரைக்கும் எப்படி இருப்பது என்று செல்வினுக்குத் தெரியவில்லை.