உள்ளூர் மூங்கில்

துரைராஜின் தலைமாட்டில் ஏற்றிய மூன்றாவது ஊதுபத்தியும் பாதியில் அணைந்தது. வேதா குனிந்து மறுபடி தீக்குச்சி கிழித்தாள். பற்றவில்லை. உள்ளே மூங்கில் ஈரம். போன வாரம் அவரே மெஷினில் நின்று போட்ட சரக்கு.

"கடையிலேந்து வேற பாக்கெட் வாங்கிட்டு வரட்டாம்மா?" என்றான் மகன் சரத்.

"நக்கோ, வேணாம். அப்பாக்குப் பிடிக்காது."

செகந்திராபாத் மாரெட்பள்ளி வீட்டின் பின்பக்கம்தான் ஊதுபத்திப் பட்டறை. ஏழு மெஷின், ஏழு பெண்கள். பத்து வருஷம் வியட்நாமிலிருந்து வந்த மூங்கில் குச்சியில் ஓடியது. இறக்குமதி வரி இருபத்தைந்து சதவீதமானதும் பத்து ரூபாய் பாக்கெட் கட்டுப்படியாகவில்லை. பன்னிரண்டாக்கலாம் என்றாள் வேதா. கடைக்காரன் தொடமாட்டான் என்றார் அவர். பாக்கெட்டில் இருபது குச்சி பதினாறானது. அதுவும் போதாமல் உள்ளூர் மூங்கிலுக்கு மாறினார்.

"வரி போட்டதே நாம இங்க செய்யணும்னுதானே" என்பார், பெருமையாக.

அந்தக் குச்சி பிளந்து மெஷினில் சிக்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களுக்கு வரும்படி பாதியானது. ஐந்து வருஷமாகச் சாப்பிடும்போது இருவருக்கும் இதே சண்டை. நேற்று மதியமும் பதில் சொல்லாமல் எழுந்துபோய்ப் படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று வேதாவுக்கு ஆத்திரமாக வந்தது.

"பட்டறைய மூடிடலாம்மா. மெஷினை எடுத்துக்க ஆள் இருக்கு" என்றான் சரத்.

வாய்க்கரிசி போட்ட பிறகும் ஏழு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். ஒருத்தியும் அவரைப் பார்க்கவில்லை. வேதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் ரஷ்மி. இந்த வீட்டில்தான் தமிழ் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வேலைக்கு வரலாமா? இல்ல, வேற எடம் பாக்கணுமா?"

"வாங்க" என்றாள் வேதா. சரத் நிமிர்ந்து பார்த்தான்.

"குச்சி எதும்மா?" என்றாள் ரஷ்மி.

வாசலில் அமரர் ஊர்தி பின்னால் நகர்ந்து வந்து நின்றது. வேதா துரைராஜின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு ரஷ்மியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"வியட்நாம்தான்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "பன்னெண்டு ரூபான்னு போட்டுக்கலாம்."