யூரோவுக்கு முன்பே போனவர்கள்

லாட்வியா யூரோவில் சேர வேண்டுமானால் அரசின் பட்ஜெட் பற்றாக்குறை குறைந்தாக வேண்டும். சொந்த நாணயத்தின் மதிப்பையும் இறக்கக் கூடாது. அரசுக்கு மிஞ்சிய வழி, செலவை வெட்டுவது. தலைநகர் ரிகாவில் அந்த வெட்டுகளைத் தீர்மானித்த அதிகாரிகளில் இல்க்வார்ஸும் ஒருவன். அதில் அவன் பிறந்த ஸ்மில்டேனி ஊரின் பிரசவ ஆஸ்பத்திரியும் போயிற்று. அவன் அக்கா வெல்டா அங்கேதான் நர்ஸ்.

சேதியைத் தானே நேரில் சொல்லிவிடலாம் என்று ஊருக்குப் போனான். வெல்டா பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைங்க பொறக்கறது கொறைஞ்சிடுச்சுக்கா. அதான் மூடுறாங்க."

"மூடுறாங்களா, மூடுறீங்களா?"

 "கொஞ்ச வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா..." என்று இழுத்தான்.

"யாரு பல்லுடா?" என்றாள் வெல்டா.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு ஸைகாவுக்கு வலி கண்டது. அடுத்த ஆஸ்பத்திரியோ வெகுதூரம், சாலையெல்லாம் பனி. பாதி வழியில், காரின் பின் இருக்கையிலேயே வெல்டா பிரசவம் பார்த்தாள். தாய் பிழைத்தாள். குழந்தை அழவேயில்லை.

பனி உருகியதும் வெல்டா அயர்லாந்துக்கு, ஒரு காளான் பண்ணையில் பறிக்கும் வேலைக்குப் போனாள். ஸைகாவும் அவள் புருஷனும் கூடவே கிளம்பினார்கள். இல்க்வார்ஸின் சம்பளத்தையும் வெட்டியிருந்தார்கள். அதைச் சொல்லியே அவன் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

சில வருஷம் கழித்து, யூரோ வந்த புத்தாண்டன்று அலுவலகத்தில் விருந்து. நடுவில் எழுந்துபோய் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, சேந்துட்டோம்! இனிமே உன் காசும் என் காசும் ஒண்ணுதான்."

"நான் இங்க வந்த நாள்லேருந்து யூரோதான்டா வாங்குறேன். நீங்க அவங்க வச்ச பரீட்சையெல்லாம் பாஸ் பண்றதுக்குள்ள பாதி ஊரு இங்க வந்தாச்சு."

"இப்ப நெலம தேறிடுச்சு. திரும்பி வந்துடேன்."

"வந்து? யாருக்குப் பிரசவம் பாக்கச் சொல்ற?" அவள் குரல் தணிந்தது. "ஸைகாவுக்குப் போன மாசம் பொண்ணு பொறந்துச்சு. இங்க, பெரிய ஆஸ்பத்திரியில. நானும் போனேன். பூ வாங்கிட்டு, பாக்க வர்றவங்களோட வெளிய உக்காந்திருந்தேன்."

அவன் விருந்து நடக்கும் அறையின் கதவைச் சாத்தினான்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்," என்றாள்.

அவன் உள்ளே வந்தபோது அலுவலகத் தலைவர் எல்லோர் கோப்பையையும் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, உங்க ஊர்ல என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க சார்," என்று கோப்பையை நீட்டினான் இல்க்வார்ஸ்.