மாடிப்படிக் கடல்

1988இல் லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு பட்டணங்கள் இருந்தன. கீழ்த்தளத்தில் நாங்கள், தீரு. மேல்தளத்தில் என் தோழி இம்மாகுலேற்றின் குடும்பம், சீதோன். நடுவே மாடிப்படிதான் கடல். தீரு, சீதோன் பட்டணத்துப் பினீசியக் கடல் வணிகரைப் பற்றி நூலகத்தில் எடுத்த, அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு நாவலொன்றிலிருந்து நானும் அவளும் பிடித்த விளையாட்டு அது.

சமையலறை மட்டும் பொது. வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சைவம். கத்தோலிக்கரான அவர்களுக்கு அன்று இறைச்சி ஆகாது, அதனால் மீன். ஒரு வெள்ளி, அம்மாவின் பருப்புக்குப் பக்கத்திலேயே சூடை மீன் பொரிந்தது. அத்துடன் இரண்டு அம்மாக்களுக்கும் பேச்சு நின்றது.

"மேல ஏறினியெண்டால் காலை முறிப்பன்" என்றார் அம்மா.

அந்த மாதமே அவர்களுக்குக் கனடா விசா வந்துவிட்டது. ஒரு சொல்கூடப் பேசாமல் இம்மாகுலேற் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

நாவலில் பினீசியர் அந்நியக் கரையில் சரக்கை வைத்துவிட்டு, கப்பலுக்குத் திரும்பிப் புகை எழுப்புவார்கள். கரைக்காரர் வந்து பக்கத்தில் பொன்னை வைத்துவிட்டு விலகுவார்கள். பொன் காணாவிட்டால், அதாவது போதாவிட்டால், கப்பல் காத்திருக்கும். கரைக்காரர் இன்னும் கொண்டுவருவார்கள். பேச்சே கிடையாது.

நடுப்படியில் என் நீல மணிமாலையை வைத்தேன். நாட்கள் போயின. மாலை அப்படியே கிடந்தது. பிறகுதான் உறைத்தது: நான் புகை போடவில்லை!

வெள்ளிக்கிழமை பின்னேரம், சாமிப்படத்துக்கு முன்னிருந்த சாம்பிராணித் தட்டைப் படிக்குத் தூக்கிவந்து, இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டேன். கடலே மறைந்தது. கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. இம்மாகுலேற் புகைக்குள்ளால் இறங்கி ஓடிவர, அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அக்கா! என்ர பிள்ளை அங்கயோ?" மேலேயிருந்து இம்மாகுலேற்றின் அம்மா மீன் அகப்பையோடு ஓடிவந்தார்.

"இஞ்ச என்ர கைக்குள்ள நிக்கிறாள். நீர் முதல் அந்த யன்னலைத் திறவும்!"

இருவரும் துவாயால் விசிறினார்கள்.

"என்ர மீன் மணத்துக்குத்தான் உங்கட மகள் புகை போட்டவளாக்கும்."

"அவளுக்கு மீன் எண்டால் உயிர். எனக்குத்தான் ஏலாது" என்ற அம்மாவுக்கு இருமலோடு சிரிப்பும் வந்துவிட்டது.

இம்மாகுலேற் என் காதருகே சீறினாள். "ஒவ்வொரு நாளும் எட்டிப் பாத்தனான். புகை போடாமல் எப்பிடியடி வாறது?"

மாலைக்குப் பக்கத்தில் தன் சிவப்புத் தலைக் கிளிப்பை வைத்தாள்.

"காணாது" என்றேன்.

முறைத்துவிட்டு மேலே ஓடினாள், வேறு கொண்டுவர.

டொரன்டோ விமானம் ஏறும்வரை தினமும் ஏதாவது கொண்டுவந்தாள். ஒரு நாளும் நான் "காணும்" என்று சொல்லவில்லை.