நூற்றைம்பது பாங்கா நாற்காலி

தென்கிழக்குக் காற்று தன் ஈரத்தைக் கடலிலேயே உதறிவிட்டு, உலர்ந்த மேனியோடு கரையேறும் பருவம் அது. வவாவுத் தீவுகளில் கிழங்குக் கொடிகள் பழுத்து, தாங்கி நின்ற கோல்களைக் கைவிட்டு, மண்ணோடு சாய்ந்து கிடக்கும். விடியற்பொழுதில் துறைமுகத்து நீரின்மேல் வெண்மூட்டம் ஒன்று துயில்வதுபோல் படுத்திருக்கும். கதிரவனும் அதை எழுப்ப மனமின்றி மெல்லவே வருவான். அப்போதுதான் தென்திசைப் பனிக்கடல்களைக் கடந்து திமிங்கலங்கள் வந்து சேரும். பெண் திமிங்கலங்கள் கன்று ஈனும். ஆண் திமிங்கலங்கள் ஆழத்தில் பாடும். துடுப்பை நீரில் நட்டு அதன் பிடியில் செவியை வைத்தால், அடியற்ற நீரின் அடியிலிருந்து அந்தப் பண் ஏறி வரும். கேட்டவன் கரைக்குத் திரும்பியும் தாழ்ந்த குரலிலேயே பேசுவான். அந்தப் பருவத்தில் தீவே தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

அந்த ஆண்டு அந்த அடக்கத்தைக் கெடுத்தது ஒரு சுவரொட்டி.

லோசலீன் வருகிறாள். ஆக்லாந்தில் பிறந்து, உலகத்துப் பெருநகர் அரங்குகளையெல்லாம் நிரப்பியவள்; தாய் பிறந்த ஊராகிய நெய்யாஃபுவில், ரக்பி மைதானத்தில், சனிக்கிழமை பிற்பகல் பாடப் போகிறாள். நாற்காலி ஒன்றுக்குத் தீவின் பணத்தில் நூற்றைம்பது பாங்கா. ஊரில் பாதிப்பேர் அவளுக்கு மாமன் முறை, மீதிப்பேர் சித்தி முறை. எந்த முறைக்கும் சலுகை கிடையாது என்று சுவரொட்டியின் அடியிலேயே அச்சிட்டிருந்தார்கள். நூற்றைம்பது பாங்காவுக்குக் கொழுத்த பன்றிக்குட்டி ஒன்று வாங்கலாம் என்றும், பன்றிக்குட்டி பாடாவிட்டாலும் வேகும் என்றும் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எல்லாரிலும் உரக்கப் பேசியவர் விலிசோனி. ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவை முப்பது ஆண்டுகளாக நடத்துபவர். நான்கு குரல்களையும் நான்கு காளைகளைப்போல் ஒரே நுகத்தில் பூட்டத் தெரிந்தவர். கவா என்னும் வேர்ச்சாறு குடிக்கும் வட்டத்தில், சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்.

“பாடுறதுக்கு முன்னாடியே விலையச் சொல்றவ பாட்டுக்காரியா, மீன்காரியா? மீனைக்கூட செவுளைத் தூக்கிப் பார்த்துட்டுத்தானேடா வாங்குறோம்!”

“அப்போ நீ போக மாட்டியாண்ணே?” என்று கேட்டான் லாரிக்கார ஹேலு.

“வேலிக்கு வெளிய நின்னு கேப்பேன். மனசு அசைஞ்சா நானே உள்ள போயி அவ தோள்ல காசை ஒட்டுவேன். அசையலன்னா ஒத்தைக் காசு கிடையாது. கேட்டுட்டுக் கொடுக்காமப் போறவன் திருடன். கேக்குறதுக்கு முன்னாடியே கொடுக்கிறவன் முட்டாள். நான் ரெண்டுமில்ல.”

“சாட்சிக்கு நாங்க இருக்கோம்ணே. அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

“என் பேச்சு என்னைக்குடா மாறியிருக்கு?”

அவர் சொன்னது ஊர் வழக்கந்தான். விழாக்களில் ஆடுகிறவளின் மேனியில் தேங்காயெண்ணெய் மினுங்கும். காண்பவர் மனம் நிறைந்தால் எழுந்து சென்று பணத்தாளை அந்தத் தோளில் ஒட்டுவார். நிறையாவிட்டால் கைதட்டிவிட்டுக் கோழிக்கறியைக் கவனிப்பார். விலையை நெஞ்சம் பின்னால் வைக்கும். சுவரொட்டி முன்னால் வைப்பதில்லை.

ஆனால் வீட்டில் இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் மனைவி சூலியேட்டி, சேப்பங்கீரையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்து மடித்தவாறே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“டிக்கெட் எடுத்தாச்சா?”

“திமிங்கலம் பாடுது. யாருகிட்டயாவது டிக்கெட் கேக்குதா?”

“திமிங்கலம் கேக்கல, படகுக்காரன் கேக்குறான். வெள்ளைக்காரன் நானூறு கொடுத்துத் தண்ணியில குதிச்சு, நடுங்கிக்கிட்டே மூக்கு ஒழுக ஏறி வர்றான். வந்து ‘ஆகா’ங்கிறான்.”

“அவனுக்குப் புத்தியில்ல.”

“இந்தா மனுஷா, ஒண்ணு கேக்குறேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து கோயில்ல நீ எனக்கு எதிர்ல கையை ஆட்டிக்கிட்டு நிக்குற. நான் ரெண்டாம் குரல் வரிசையில நின்னு உன் முறைப்பைப் பார்த்துக்கிட்டே பாடுறேன். ஒரு பாட்டையாவது உன் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேனா? நான் கேக்குறது அந்த நாற்காலி. பாட்டு யாரு பாடுனா எனக்கென்ன?”

விலிசோனி குழுவை அடக்குவதுபோல் இடக்கையை உயர்த்தினார்.

“கையை இறக்கு. இது கோயில் இல்ல.”

“வாசல்ல ரெண்டு நாற்காலி போடு, ரேடியோவை வை. ஓசியில உக்காருவோம்.”

சூலியேட்டி இலைப்பொதியைத் தேவைக்கு மேல் இறுக்கிக் கட்டினாள்.

சனிக்கிழமை உச்சிப்பொழுது சாய்ந்ததும் அவள் தலைமுடியில் எண்ணெய் தடவி, விழாக்களுக்கு ஆடைமேல் உடுத்தும் புதிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு தனியே புறப்பட்டாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள், அழைக்கவில்லை. அழைத்திருந்தால் மறுத்திருக்கலாம், அழைக்காததை எப்படி மறுப்பது என்று விலிசோனிக்குத் தெரியவில்லை. காலையில் பாய்மரக் கப்பல்காரன் ஒருவனுக்குக் கிழங்கு விற்ற பணம், இரண்டு நூறு பாங்காத் தாள்கள், சட்டைப்பையில் இருந்தது. அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஹேலுவின் லாரியில் ஏறினார்.

மைதானத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். துணி கண்ணுக்கு வேலி. செவிக்கு வேலி கட்ட எவராலும் இயலவில்லை. மாமரத்தடியில் லாரியை நிறுத்தி, அதன் முதுகில் கவா வட்டம் முழுவதும் பாய் விரித்து அமர்ந்தது. மேளமும் மின்கிதாரும் அதிர்ந்தன. விலிசோனி ஒவ்வொரு பாட்டுக்கும் விலை கூறலானார்.

“இதுக்கு அஞ்சு பாங்கா.”

“அடுத்ததுக்கு?”

“ரெண்டு.”

“இதுக்குண்ணே?”

“இதுக்கு அவதான் நமக்குத் தரணும்.”

லாரி குலுங்கச் சிரித்தார்கள். விலிசோனியும் சிரித்தார்; சிரிப்பினூடே, உள்ளே எந்த வரிசையில் சூலியேட்டி அமர்ந்திருப்பாள் என்று துணியின் மடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேளம் அடங்கியது. கிதாரும் அடங்கியது. லோசலீன் துணைக்கருவி எதுவுமின்றித் தாய்மொழியில் பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்தாள். தீவில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரிந்த பாட்டு அது. முதலடி தாழ்வாரத்தில் பாய் விரிப்பதுபோல் விரிந்தது. இரண்டாமடி படியேறியது. மூன்றாமடியின் நடுவில் ஓரிடம் உண்டு: குரல் மலையுச்சிக்கு ஏறி, உச்சியிலேயே திரும்ப வேண்டும். அங்கே எல்லாரும் மூச்சு வாங்குவார்கள். முப்பது ஆண்டுகளாக விலிசோனி கெஞ்சிப் பார்த்தார், ஏசிப் பார்த்தார், ஒருமுறை காலணியைக்கூடக் கழற்றினார். ஒருவரும் அந்த இடத்தை மூச்சு வாங்காமல் கடந்ததில்லை. உடையாத அந்த அடியை அவர் தம் மனச்செவியில் மட்டுமே கேட்டிருந்தார்.

லோசலீன் ஏறினாள். உச்சியில் நின்றாள். மூச்சு வாங்காமலே திரும்பினாள்.

விலிசோனியின் கை, காற்றில் ஒரு கோட்டை வரைந்து பாதியில் நின்றிருந்தது. கண்ணில் நீர் இறங்குவதை அவர் துடைக்கவுமில்லை.

“அண்ணே,” என்றான் ஹேலு மெதுவாக, “இதுக்கு எவ்வளவு?”

விலிசோனி லாரியிலிருந்து குதித்தார். அவர் வயதுக்கு அது குதித்தலே.

வாயிலில் பணம் வாங்க நின்றவள் வீக்கா. அவர் குழுவிலேயே முதற்குரல் பாடுபவள்.

“கேட்டியா? மூச்சு வாங்கல! நீ வாங்குவியே, அந்த இடத்துல!”

“கேட்டேன் வாத்தியாரே. இப்ப அதுக்கு வாசல்ல வச்சுத் திட்டணுமா?”

“இந்தா, காசு.”

“பெட்டியப் பூட்டி அனுப்பியாச்சு. இன்னும் கொஞ்சம் பாட்டுதான் பாக்கி. சும்மா உள்ள போங்க.”

“சும்மாவா? என்னைத் திருடன்னு நினைச்சியா?”

லாரியிலிருந்து குரல் வந்தது: “அண்ணே! திருடனா, முட்டாளா? சீக்கிரம் ஒண்ணைச் சொல்லு, வெயில் இறங்குது!”

விலிசோனி நூறு பாங்காத் தாள்கள் இரண்டையும் கொடிபோல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளின் நடுவே நடந்தார். மேடைக்கு முன்னால், காதில் கம்பி மாட்டிய ஆக்லாந்துக் காவலன் ஒருவன் கதவுபோல் குறுக்கே நின்றான்.

“பின்னால போங்கய்யா.”

“காசு கொடுக்கணும்ப்பா.”

“காசு கேட்டு வந்தா எப்படித் தடுக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. கொடுக்க வந்தா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல. பின்னால போங்க.”

“தம்பி, நான் கேட்டுட்டேன். கேட்டுட்டுக் கொடுக்காம எப்படிப் போவேன்?”

காவலன் அவரை இரு தோள்களிலும் பற்றித் தூக்கித் திருப்பி வைத்தான். அவர் மறுபடி திரும்பினார். அவன் மறுபடி தூக்கினான். மேடையில் பாட்டு நின்றது. கூட்டம் கழுத்தை நீட்டியது. நான்காம் வரிசையிலிருந்து சூலியேட்டி தன் கணவர் வாழைத்தார்போல் தூக்கப்படுவதைக் கண்டாள்.

அவள் ஓடவில்லை, கத்தவில்லை. இடுப்புப் பாயை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையின் முன் வந்து, முழங்காலை மடித்து, கண்ணை உருட்டி, கையைச் சேவற்கோழியின் சிறகாக அடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். ஆடுகிறவளைப் பெருமைப்படுத்த அவளுடைய அத்தைமார் பக்கத்தில் ஆடும் கோமாளி ஆட்டம் அது. தீவு முழுவதும் ஒரே வாயாகக் கூவிற்று.

மேடைமேல் நின்றவள் அந்த ஆட்டத்தை அறிந்திருந்தாள். ஆக்லாந்தில் கார் நிறுத்தும் கொட்டகைகளில், அவள் சிறுமியாய் ஆடும்போது, அத்தைமார் அப்படித்தான் ஆடினார்கள். அவள் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு மேடையிலிருந்து கீழே குதித்தாள்.

“விடுங்க அவரை! மாமா, வாங்க.” பேச்சில் ஆக்லாந்து வாடை வீசியது, முறை மட்டும் பிசகவில்லை. “ஆனா எண்ணெய் தடவலையே மாமா!”

விலிசோனி தாளை அவள் தோளில் வைத்து அழுத்தினார். ஒப்பனைப் பூச்சும் பொடியும் படிந்த தோள்; தாள் வழுக்கித் தரையில் விழுந்தது. கூட்டம் “அடடா” என்றது. லோசலீன் சிரித்துக்கொண்டே கைத்துணியால் தோளின் பொடியைத் துடைத்தெறிந்தாள். அதனடியில் வேர்வை பொங்கி நின்றது. இரண்டாம் முறை வைத்தபோது தாள் ஒட்டிக்கொண்டது. மற்றதை மறு தோளில் ஒட்டினார். பாட்டின் உழைப்பே பாட்டின் கூலியைப் பிடித்துக்கொண்டது.

“மூணாவது அடியில மூச்சை எங்கம்மா வாங்குன?” என்று அவள் காதருகே குனிந்து கேட்டார்.

“ரெண்டாவது அடி முடியுறப்பவே திருடி வச்சுக்கிட்டேன் மாமா. யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

“நாளைக்கே வீக்காகிட்டச் சொல்லிடுவேன்.”

அதற்குள் நாற்காலிகள் காலியாகத் தொடங்கிவிட்டன. ‘நூற்றைம்பது பாங்கா பகற்கொள்ளை’ என்று வாரம் முழுவதும் புலம்பிய மாமன்மாரும் சித்திமாரும் பத்தும் இருபதுமாக ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். லாரியில் இருந்தவர்கள் கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். காவலனும் வரிசையின் கடைசியில், காதுக் கம்பியைக் கழற்றிவிட்டு, தன் பணப்பையைத் தடவிக்கொண்டு நின்றதைப் பலர் பார்த்தார்கள்.

சூலியேட்டி கணவரின் முழங்கையைப் பற்றி நான்காம் வரிசைக்கு இழுத்து வந்தாள். அவள் நாற்காலியை ஒட்டி ஒரு நாற்காலி, அவளுடைய சால்வை போர்த்தியபடி காலியாக இருந்தது.

“யாரோட எடம் இது?”

“உன்னோடதுதான். ரெண்டு டிக்கெட் வாங்கினேன், பாய் வித்த காசுல.”

விலிசோனி கணக்குப் போட்டார். முகம் மெல்ல மாறியது. “அப்போ நான்...”

“முந்நூத்தம்பது. இந்த மைதானத்துலயே அதிக விலை கொடுத்தவன் நீதான். அதுலயும் ஒரே ஒரு பாட்டுக்கு!”

“ஒண்ணும் சொல்லாதே.”

“நான் எங்க சொல்றேன்? ஹேலு சொல்லிக்குவான். உக்காரு.”

அவர் அமர்ந்தார். அவளும் அமர்ந்தாள். இருவர் தோள்களும் ஒட்டியிருந்தன. கொட்டகைக் கம்பியில் அமர்ந்த இரு பறவைகளைப்போல் இருவரும் நேரே முன்னால் பார்த்தார்கள். லோசலீன், தோளெல்லாம் தாள்கள் சலசலக்க, இன்னும் ஒரு பாட்டுப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். அதற்கு என்ன விலை என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கதிரவன் துறைமுகத்துக் குன்றின் பின்னே இறங்கலானான். ஓய்வுநாளாகிய ஞாயிறு நெருங்கும் வேளையில் எந்தக் கூட்டமும் வேண்டுதலின்றிக் கலைவதில்லை. ஊர்ப் போதகர் மேடையேறி, மாலைக் கீர்த்தனை ஒன்றின் முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தார். மைதானம் எழுந்து நின்று, எவரும் நடத்தாமலே நான்கு குரலாகப் பிரிந்து பாடிற்று.

விலிசோனியின் கைகள் தாமாகவே மார்புவரை உயர்ந்தன. அருகில் சூலியேட்டியின் குரல் எழுந்தது. முப்பது ஆண்டுகளாக அந்தக் குரல் இருபது குரல்களோடு கலந்தே அவரிடம் வந்திருந்தது. தனியே, ஒரு சாண் தொலைவில், அது எப்படி இருக்கும் என்று அவர் அறிந்ததில்லை. இந்தப் பாட்டிலும் மூன்றாவது அடியில் அவள் மூச்சு வாங்கினாள். அதுவும் நன்றாக இருந்தது. அவர் கைகளை இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, அவள் குரலை மறைக்காத அளவுக்குத் தாழ்த்தித் தம் பங்கைப் பாடினார்.

கீர்த்தனை முடிந்தது. போதகர் கைகளை விரித்தார்.

“பாடும் நாவுக்கு ஈரம் குன்றாதிருக்கட்டும். கேட்கும் செவிக்கு அன்பு குறையாதிருக்கட்டும். கொடுக்கும் கை வெறுங்கையாய் வீடு திரும்பாதிருக்கட்டும். ஆழத்தில் இருப்பவை தம் கன்றுகளோடும், கரையில் இருப்போர் தம் துணையோடும், ஆண்டவருடைய நிழலில் தங்குவார்களாக. ஆமென்.”