ஆடிய நிலை: இரும்பு

என் தங்கைக்கு எழுதத் தெரியாது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. சரி, பொறாமையில்தான் சொல்கிறேன், அதற்கு இப்போது என்ன?

நாங்கள் இருவரும் ஒரே பத்திரிகைக்கு வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறோம். டிவியோடு இணைத்து ஆடும் பெரிய கன்சோல்களின் பக்கம் பதினொரு வருடமாக என்னுடையது. கையில் பிடித்து ஆடும் சின்னக் கன்சோல்களின் பக்கம் ஒன்றரை வருடமாக அவளுடையது. அந்தப் பக்கத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். "சும்மாதானே இருக்கா, ஏதாவது எழுதட்டுமே சார்" என்று ஆசிரியரிடம் சொன்ன இந்த வாயை நினைத்தால் எனக்கே இரண்டு அறை கொடுக்கலாம் போலிருக்கும்.

அவள் விமர்சனம் எப்படி இருக்கும் தெரியுமா? பஸ்ஸில் உட்கார்ந்து ஆடினால் எழுத்துகளைப் படிக்க முடிகிறதா, பொத்தான் சத்தத்தில் பக்கத்தில் தூங்குகிறவர் விழித்துக்கொள்கிறாரா, இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தால் சட்டென்று நிறுத்த முடிகிறதா. இதெல்லாம் ஒரு விமர்சனமா? ஆனால் வாசகர்கள் அதைத்தான் விழுந்து விழுந்து படித்தார்கள். 'உங்கள் தங்கை அடுத்து எதைப் பற்றி எழுதப்போகிறார்?' என்று எனக்கே கடிதம் போட்டார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எனக்கும் ஒரு பட்டம் உண்டு. இரும்புக் கட்டைவிரல். எங்கள் பத்திரிகையில் ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி வரும். எந்த நிலையில் ஆடினோம், எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று அதில் போட வேண்டும். இருப்பதிலேயே கடினமான நிலையைத் தவிர வேறு எதையும் என் பெட்டியில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் வாசகர்கள் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள்.

இரண்டு வருடமாக அந்தப் பெட்டியில் நான் போடுவது பொய்.

வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். எதிரி நம் மேல் பாய்ந்துகொண்டிருக்கும்போது, கொஞ்சம் இருப்பா, ஓய்வு எடுத்துவிட்டு வருகிறேன் என்றா சொல்ல முடியும்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இருப்பதிலேயே சுலபமான நிலையில் ஆடி முடித்துவிட்டு, பெட்டியில் கடினம் என்று போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் தெரியாது. டிவியும் பெரிய கன்சோலும் என் அறையில்தான் இருந்தன.

அப்போதுதான் அந்தக் கேமின் நான்காம் பாகம் வந்தது. இடுப்பில் ஒரு கொக்கியைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஆற்றங்கரை நகரத்தில் சுவர் சுவராக ஏறுவாளே, அந்தக் கேம். முதல் மூன்று பாகங்களுக்கும் அட்டைப்பட விமர்சனம் எழுதியவள் நான். நான்காவதும் எனக்குத்தான் என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஆசிரியர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே நாற்காலிகளைவிட வயர்கள் அதிகம். ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், அவள் நின்றாள்.

"இந்தத் தடவை அட்டைப்பட விமர்சனத்தைச் சின்னது எழுதட்டும்மா" என்றார். தங்கையை வீட்டில் நாங்கள் கூப்பிடுகிற பெயர் அவர் வாயிலும் ஏறிவிட்டது. "ரெண்டு கன்சோல்லயும் ஒரே நேரத்துல வருது. இப்ப நிறைய பேர் கையில வச்சுத்தான் ஆடுறாங்க. நீங்க டிவியில படம் எப்படித் தெரியுதுன்னு ஒரு கால் பக்கம் போட்டுடுங்க."

கால் பக்கம்! பதினொரு வருடத்துக்குக் கால் பக்கம்!

"அதுக்கென்ன சார், போட்டுட்டா போச்சு" என்றேன். சிரித்தேன்கூட. வீடு வரும்வரை அவள் "அக்கா, கோபமா? அக்கா, நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று பின்னாலேயே வந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். சொல்லட்டுமா என்றுதான் கேட்டாள்.

கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு ஒரே ஒரு கணக்கைத்தான் தந்திருந்தார்கள். ஒரு கணக்குக்கு ஒரே ஒரு சேவ், அதாவது ஆடியவரைக்குமான ஒரே ஒரு பதிவு. ஆடியதெல்லாம் ஆன்லைனில் போய்ச் சேர்ந்து, பெரிய கன்சோலில் விட்ட இடத்திலிருந்து சின்னக் கன்சோலில் தொடரலாம். மற்றவர்களுக்கு இது வசதி. எங்களுக்கு ஆபத்து. அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டோம். அவள் ஆன்லைனில் ஆடுவாள். என் பெரிய கன்சோலில் நெட்டை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து நான் தனியாக ஆடுவேன்.

இந்தக் கேமில் மூன்று நிலைகள். சுலபத்திலிருந்து கடினத்துக்கு இறகு, கல், இரும்பு. நான் கதவைச் சாத்திவிட்டு இறகைத் தேர்ந்தெடுத்தேன். தொடங்கும் திரையிலேயே ஓரமாக ஒரு குட்டி இறகு ஒட்டிக்கொண்டது.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பதினொரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. நகரத்தின் நடுவே ஒரு பாலம், அதை மறித்துக்கொண்டு ஒரு ராட்சசன். இறகு நிலையில் இரண்டே அடியில் சாய்ந்துவிட்டான். அப்புறம் பாலம் காலியாக இருந்தது. நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். பாலத்துக்கு அடியில் யாரோ கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். ஒரு சின்னச் சட்டை, இரண்டு போர்வை. எதிரி நகரம் என்று மூன்று பாகமாகச் சொல்லப்பட்ட ஊரில் யாரோ குடியிருக்கிறார்கள். கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுத்தபடி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எப்படி எழுதுவது? இரும்புக் கட்டைவிரல் துணி காய்வதை வேடிக்கை பார்த்தாள் என்றா?

வெளியே ஹாலில் அவள் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, இரும்பு நிலையில் அதே ராட்சசனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். "பதினாலாவது தடவைக்கா!" என்று கத்தினாள். பிறகு ஜெயித்துவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அம்மாவுக்குக் கேமைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் சேர்ந்து குதித்தாள். நான் ஜெயித்தபோது அம்மா என்றைக்குக் குதித்திருக்கிறாள்?

செவ்வாய்க்கிழமை காலை. விமர்சனங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வெள்ளி மாலை நான்கு மணிக்கு ஒன்றாக வெளிவர வேண்டும், தவறினால் சீந்துவார் இல்லை. அவள் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். சின்னக் கன்சோலைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். படத்தைச் சரிசெய்ய ஓர் அப்டேட் வந்திருந்தது. அதை இறக்க நான் பெரிய கன்சோலில் நெட்டைப் போட்டேன். அப்டேட்டுக்காகத்தான் போட்டேன், அதுவரை சத்தியம்.

திரை கேட்டது. இரண்டு சேவ்கள் உள்ளன. ஆன்லைனில் நாற்பத்தாறு மணி நேரம். இங்கே பதினொரு மணி நேரம். எதை வைத்துக்கொள்வது?

குளியலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டுதான் என்னைக் கெடுத்தது. நாற்பத்தாறு மணி நேரம் போனால் அவளால் வெள்ளிக்குள் எழுத முடியாது. அப்புறம் யார் இருக்கிறார்கள்? இங்கே இருப்பதை வைத்துக்கொள் என்று அழுத்தினேன்.

நிச்சயமாகவா, மற்றது அழிந்துவிடும் என்று திரை இன்னொரு முறை கேட்டது.

அழுத்தினேன். கட்டைவிரல் அன்றைக்கு வலிக்கவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து ஹாலில் ஓர் அலறல். நான் முகத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போனேன். ஈரத் தலையோடு சின்னக் கன்சோலைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அக்கா, என்னோடது போயிடுச்சு. எல்லாமே போயிடுச்சு."

"ஐயையோ! அப்டேட் போட்டேன்டி. அது என்னமோ கேட்டுச்சு, தெரியாம அமுக்கிட்டேன் போலிருக்கு."

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "என்னடி போச்சு? எது போச்சு? திருடன் எவனாவது வந்தானா?"

சின்னது திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் திரையின் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி, அவளுடையது அழிந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது என்னுடைய சேவ். இறகோடு. நாற்பத்தாறைப் பார்த்த கண்ணுக்கு அந்த இறகு தெரியாமல் போயிற்றே!

அவள் திரையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். அதை நான் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டேன்.

"எப்பலேர்ந்துக்கா?" என்றாள், அம்மாவுக்குக் கேட்காதபடி.

நான் தலைப்பை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

அவள் ஆசிரியருக்குப் போன் செய்தாள். "சேவ் அழிஞ்சிடுச்சு சார். எப்படியோ அழிஞ்சிடுச்சு." எப்படி என்று சொல்லவில்லை. அவர் என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"நல்லவேளை நீங்க இருக்கீங்க" என்றார். "மூணு பாகமும் நீங்கதானே எழுதினீங்க. இதையும் எழுதிடுங்க. அட்டைப்படம் உங்களுக்குத்தான்."

இதற்குத்தானே எல்லாம்! காதில் தேன் பாய்வது போலிருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் எதிரில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "எழுதுக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பெட்டியில என்ன போடுவ?"

மிரட்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"சார்" என்றேன் போனில். "அவளே எழுதட்டும். என் சேவ்லேர்ந்து தொடரட்டும்."

பயத்தில் சொன்னேன். வேறு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அவர், "அட, என்ன மனசும்மா உங்களுக்கு!" என்றார். பக்கத்தில் நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கான்னா இப்படித்தான் இருக்கணும்" என்று என் தலையைத் தடவினாள். அந்தக் கைக்குக் கீழே நான் நின்ற நிலையை என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

அவள் மூன்று நாள் என் சேவிலிருந்து ஆடினாள். இறகை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு விமர்சனம் வந்தது. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

'இரும்பு நிலையில் இந்தப் பாலத்தில் பதினான்கு முறை ஓடினேன். அதற்கு அடியில் துணி காய்கிறது என்பது எனக்குத் தெரியவே இல்லை. இறகு நிலையில் ஆடியபோதுதான் பார்த்தேன். நாம் இதுவரை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த ஊரில் ஒரு குழந்தை இருக்கிறது.'

அடியில் பெட்டி. ஆடிய நிலை: இறகு. நேரம்: 31 மணி. என் பெயர் எங்கும் இல்லை.

பாவி. அந்தத் துணியை முதலில் பார்த்தது நான். அந்தச் சட்டையையும் போர்வைகளையும் எண்ணியது நான். அது என்னுடைய விமர்சனம். இரண்டு வருடமாக எழுதியிருக்க வேண்டிய விமர்சனம்.

அப்புறம் வந்தன பாருங்கள் கடிதங்கள்! விபத்தில் இரண்டு விரல் போன ஒரு லேத் தொழிலாளி எழுதியிருந்தார். கை நடுங்கும் நோய் உள்ள ஒரு கணித ஆசிரியை எழுதியிருந்தார். சுலபமான நிலையில் ஆடுவதை மகனிடம்கூட மறைத்து வந்தாராம், இனி மறைக்க மாட்டாராம். எல்லாம் என் தங்கைக்கு வந்தவை, ஒவ்வொன்றும் எனக்கு எழுதப்பட்டவை. ஒரு பை நிறைய. பொறாமை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அதற்கு முன்னால் பட்டதெல்லாம் சும்மா.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். போர்வையின் ஒரு முனை என்னிடம், ஒரு முனை அவளிடம். கட்டைவிரல் வலித்து என் முனை நழுவியது. அவள் எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"சின்னது, அன்னைக்கு நான் தெரியாம அமுக்கலடி."

அவள் போர்வையை இழுத்துச் சுருக்கம் எடுத்தாள்.

"தெரியும்க்கா" என்றாள். "அது ரெண்டு தடவை கேக்கும்."

முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஆசிரியரிடம் எப்படியோ அழிந்துவிட்டது என்றாள், தெரிந்துதான் என் பெயரைப் போடாமல் விட்டாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். இதிலும் அவள்தான் முன்னால். எனக்கு அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

"பேசாம ரெண்டு திட்டு திட்டித் தொலையேன்டி."

"திட்டலாம். நீ அந்த முனையைப் பிடி முதல்ல."

பிடித்தேன். மடித்து முடித்ததும் கீழே என் அறைக்குப் போய், பாதியில் நின்றிருந்த அடுத்த விமர்சனத்தைத் திறந்தேன். பெட்டியில் ஏற்கெனவே 'மிகக் கடினம்' என்று அடித்து வைத்திருந்தேன். அதை அழித்தேன். கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை. 'மிக எளிது' என்று இடது கையால் அடித்துவிட்டு, கதவைத் திறந்து வைத்தேன்.