இருக்கிறதெல்லாம் இருப்பு

எழிலரசி பார்த்துப் பார்த்து எழுதிய அத்தியாயத்தை, ஒரே ஒரு சொல்லை அடித்து உலகநாதன் தலைகீழாக்கிவிட்டார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய ஆலோசனை நிறுவனம். தெற்கே ஒரு மாவட்டத்தின் வியாபாரிகள் சங்கம், தங்கள் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி எவ்வளவு கிடக்கிறது, அது என்ன பெறும் என்று முதலீட்டாளர்களுக்குக் காட்ட ஒரு புத்தகம் கேட்டிருந்தது. நிறுவனத்தில் நிலவியல் படித்தவள் அவள் ஒருத்திதான். அட்டையின் உட்பக்கத்தில் ‘நிலவியல் வல்லுநர்: எழிலரசி’ என்று வரும். அவள் பெயர் அச்சில் வருவது முதல் தடவை. பருத்திப்பட்டு வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

மண்ணுக்கடியில் கிடப்பதையெல்லாம் அவள் ‘வளம்’ என்று எழுதியிருந்தாள். அதில் ஊருக்கும் ஏரிக்கும் அடியில் உள்ளதையும், தோண்டினால் கட்டுப்படியாகாத ஆழத்தில் உள்ளதையும் கழித்தால் மிஞ்சுவதுதான் ‘இருப்பு’. விலை போட வேண்டியது அதற்கு மட்டும். அது மொத்தத்தில் கால்பங்குகூட வரவில்லை. உலகநாதன் ‘வளம்’ என்பதை அடித்துவிட்டு, மொத்தத்தையும் இருப்பாக்கி, சந்தை விலையால் பெருக்கியிருந்தார்.

அவர் செம்பரம்பாக்கம் பக்கம் மனை விற்றுத் தலையெடுத்தவர். எத்தனை சென்ட், சென்ட் என்ன விலை. கணக்கு அத்தோடு முடிந்தது. அதில் வீடு கட்ட முடியுமா என்பது வாங்குகிறவன் பாடு.

சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு அவர் அறைக்குள் போனாள்.

“சார், அந்த இருப்பு...”

“இன்னாம்மா அதுக்கு? பூமிக்கு அடியில கரி கீதா, இல்லியா?”

“இருக்கு சார்.”

“கீதில்ல? கீறதுதாம்மா இருப்பு. எம்.எஸ்சி. படிச்ச பொண்ணுக்கு இத நான் சொல்லணுமா?”

ஏரியைப் பற்றி ஆரம்பித்தாள். அவருக்கு போன் வந்தது. பேசி முடித்தவர், அவள் இன்னும் நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். கீழே லேத் இரைந்துகொண்டிருந்தது. ஒத்திகை பார்த்தது ஒன்றிருக்க, வாயில் வேறொன்று வந்தது.

“அப்படின்னா என் பேரு வேணாம் சார்.”

வல்லுநர் பெயர் இல்லாமல் புத்தகம் எப்படி வரும், மனுஷன் கொஞ்சம் யோசிப்பார் என்று நம்பினாள். யோசிக்கத்தான் செய்தார், நாற்காலி ஒரு சுற்று சுற்றி நிற்கும் வரை. பிறகு, பக்கம் வடிவமைக்கும் ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் உன் பெயரைப் போட்டுக்கொள் என்றார். ஸ்ரீநாத் கோயம்புத்தூர்க்காரன், பி.காம். எதிர்த்துப் பேசத் தெரியாதவன். தனக்கு மட்டும் அது தெரிகிறதா என்ன என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சாயங்காலம் அவன் அவள் மேசைக்கு வந்தான். வெளியீட்டு விழாவில் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று பயந்துபோயிருந்தான். என்ன பதில் சொல்வது என்று கேட்டான்.

உலகநாதனிடம் வராத பேச்சு அவனிடம் தடங்கலில்லாமல் வந்தது.

“அந்தத் தொகையே தப்பு ஸ்ரீநாத். முக்கால்வாசிக் கரிய யாராலயும் எடுக்க முடியாது. மேல ஊர் இருக்கு, ஏரி இருக்கு. அது இருப்பே இல்ல.”

அவன் அக்கறையாகக் கேட்டு, போனில் குறித்துக்கொண்டான்.

“இத நான் சொன்னா சார் ஒத்துக்குவாருங்களா?”

“மாட்டாரு.”

குறித்ததை அவன் அழித்தான்.

“அப்ப, அவரு ஒத்துக்கற மாதிரி ஒண்ணு சொல்லிக் குடுங்களேன்.”