பாறைமேல் ஒரு பொன்னாடை

சின்னசேலம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் ஏழாவது வார்டு கவுன்சிலர் பாத்திமுத்து. மற்ற நேரத்தில் கடைத்தெருவில் கணவரோடு குடம், வாளி விற்பாள். அவள் வார்டில் தீனதயாளன் என்பவர் நூற்றிருபது மனை பிரித்திருந்தார். மனை போடுகிறவர் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கென்று பேரூராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால்தான் கடைசி அனுமதி கிடைக்கும். அவர் காட்டிய வரைபடத்தில் அந்த இடம் பச்சைப்பசேலென்று இருந்தது. பாத்திமுத்து ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தாள். யானை படுத்தாற்போல ஒரு கரும்பாறை. அதன்மேல் இரண்டு வெள்ளாடுகள்.

"இன்னாண்ணா, பூங்கா கேட்டா பாறையத் தர்றீங்க?"

"மேல ஏறி நின்னு பாரும்மா. கல்வராயன் மலையே தெரியும். காத்து ஆள அள்ளிக்கினு போவும்!"

பாத்திமுத்து சண்டைக்குப் போகவில்லை.

"சரிண்ணா. பூங்காவுலயே விழா வெச்சி வாங்கிக்கிறோம். மனை கேட்டு வந்தவங்களையும் கூப்புடுங்க. உங்களுக்குப் பொன்னாடை போத்தணும்."

பொன்னாடை என்றதும் தீனதயாளனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாள் குறித்தது அவள்தான். சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி. பந்தல் கிடையாது. "பூங்காவுக்கு எதுக்குண்ணா பந்தல்?" என்று கேட்டுவிட்டாள்.

விழாவுக்கு அறுபது பேர் குடையோடு வந்தார்கள். பாறையில் நாற்காலி நிற்க மறுத்தது. ஒன்று சறுக்கிப்போய் வேலிகாத்தான் புதரில் விழுந்தது. செயல் அலுவலர் வாழ்த்துரையை இரண்டே வரியில் முடித்துக்கொண்டு ஜீப்பின் நிழலுக்குப் போய்விட்டார். பொன்னாடைக்குள் வேர்த்து வழிய நின்றவர் தீனதயாளன் மட்டும்தான்.

"சித்த ஒக்காந்து காமிங்கண்ணா. புள்ளைங்க இங்கதான வெளாடப் போவுது."

மறுக்க முடியாமல் உட்கார்ந்தார். "அய்யோ!" என்று துள்ளி எழுந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்பணம் கொடுத்திருந்த கொளஞ்சியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ஏங்க, எம் மனைக்கு அடியிலயும் இதே பாறைதானா? வூடு கட்டவா, செல செதுக்கவா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. அறுபது பேரும் அதே கேள்வியோடு அவர் பக்கம் திரும்பினார்கள்.

தீனதயாளன் தடதடவென்று இறங்கி வந்து பாத்திமுத்துவின் காதோரம் குனிந்தார். "கவுன்சிலரம்மா, ரோட்டோரமா புங்கமரத் தோப்பு ஒண்ணு எனக்குன்னு வெச்சிருக்கேன். அத எடுத்துக்குங்க. மொதல்ல இவங்கள அமத்துங்க!"

"சத்தமா சொல்லுங்கண்ணா. எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னார். கைதட்டல் கிளம்பியது. அன்று மாலைக்குள் மனைக்கு மனை கடப்பாரை போட்டு மண்ணையும் காட்டவேண்டியதாயிற்று. அடுத்த வாரமே தோப்பு பேரூராட்சியின் பேரில் பதிவானது. மனைகளுக்காக அவர் பேரூராட்சிக்குக் கட்டிய வளர்ச்சிக் கட்டணத்தில் பூங்கா வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று மன்றத்தில் சிலர் ஆசைப்பட்டார்கள். "வளைவுல தொங்கிக்கினா ஆடுவாங்க புள்ளைங்க?" என்று பாத்திமுத்து கேட்டாள். ஊஞ்சல் வந்தது, விளக்கு வந்தது.

ஊஞ்சல் மாட்டிய சாயங்காலம் அதில் முதலில் ஏறியவள் பாத்திமுத்துதான். சங்கிலி தாங்குமா என்று பார்ப்பதாகச் சொன்னாள். பிள்ளைகள் வரிசையில் நின்று முணுமுணுக்க முணுமுணுக்க, கால்மணி நேரம் பார்த்தாள்.